ஒரு மணித்தியாலமும் இரண்டு நிமிடமும்

பார ஊர்திகளுக்கு வழி போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். எந்த வண்டி எந்தச் சாமானை ஏற்றிக்கொண்டு எந்த வீதியால் போனால் டீசலும் நேரமும் மிச்சம் என்று கணினியைப் பார்த்துச் சொல்வேன். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால் இன்னும் கூடுதலாகச் சிரிப்பீர்கள். (வீட்டுக்கு வருபவர்களிடம் என் மனைவி தேநீர் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறாள்.)

வழி தெரிந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும் ஆளிடம்கூட, "எந்த ரோட்டாலை வந்தனீங்கள்?" என்று கேட்பேன். எதைச் சொன்னாலும் அது பிழை என்பேன். நாங்கள் இருக்கும் ஜேர்மன் நகரமான டோர்ட்மண்டில் எங்கள் ஆட்கள் சிலர் என்னைத் தூரத்தில் கண்டதும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொள்வார்கள். எல்லோரும் பெரிய வேலைக்காரர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வியாதி முற்றியது சில வருடங்களுக்கு முன், அக்காவின் மூத்த மகன் அபிஷனின் கல்யாணத்தில். மணப்பெண் வீடு உல்ம் நகரத்தில். ஜேர்மனியின் தெற்கு மூலை. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் டோர்ட்மண்டிலிருந்து போகவேண்டும். எப்படிப் போவது என்று பேச அக்கா வீட்டில் கூடினோம்.

குகன் அண்ணை தமிழ்க் கடை வைத்திருப்பவர். அரிசி மூட்டை ஏற்றும் வேனில் ஆட்களையும் ஏற்றுவார். அவர் தன் திட்டத்தைச் சொன்னார்.

"வெள்ளி விடிய வெளிக்கிட்டால் பின்னேரத் தேத்தண்ணிக்கு உல்மிலை நிப்பம். இடையிலை எங்கையாவது நிப்பாட்டி ரோல்ஸ் சாப்பிடுவம். அடுத்த நாள் கல்யாணம். ஒரு பிரச்சினையும் இல்லை."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை ஓங்கி அறையவேண்டும் போலிருக்கும்.

"அண்ணை, உது சாமான் போற வழி. ஆக்கள் போற வழி வேறை" என்றேன்.

தொலைபேசியை எடுத்தேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் இடையில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்லும் ஓர் இணையத்தளம் இருக்கிறது. டோர்ட்மண்ட் என்று போட்டேன். உல்முக்குப் பக்கத்தில் மெம்மிங்கன் என்ற சிற்றூரில் ஒரு சின்ன விமான நிலையம் உண்டு. அதையும் போட்டேன். பதில் உடனே வந்தது. தூரம் நானூற்று முப்பத்தாறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலமும் இரண்டு நிமிடமும்.

அந்த இரண்டு நிமிடத்தில்தான் நான் விழுந்தேன். வெறுமனே ஒரு மணித்தியாலம் என்று போட்டிருந்தால் எவனோ குத்துமதிப்பாகச் சொல்கிறான் என்று சந்தேகப்பட்டிருப்பேன். இரண்டு நிமிடத்தைக்கூட விடாமல் எண்ணி வைத்தவன் பொய் சொல்வானா? எழுந்து நின்று, செய்தி வாசிப்பவரைப் போல எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"நீங்கள் இடுப்பு நோக வேனுக்குள்ளை வாங்கோ. நான் பிளேனிலை வாறன். தலைப்பாகையும் என்னோடை வரட்டும். வேனிலை வைச்சால் ஆராவது அதுக்கு மேலை இருந்திடுவினம்."

இந்தத் தலைப்பாகையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை தலைப்பாகையோடுதான் மண்டபத்துக்குப் புறப்படுவான். பட்டுத்துணி, முன்னால் கல் வைத்த பதக்கம், அதற்கு மேலே ஒரு குஞ்சம். மணவறைச் சோடனைக்காரர்களிடம் வாடகைக்கு எடுப்பது. (நூறு மாப்பிள்ளைகளின் வியர்வையைக் குடித்த பட்டு அது. யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.) அதை மாப்பிள்ளையின் தலையில் வைக்கவேண்டியவன் தாய்மாமன். அதாவது நான்.

அபிஷனுக்கு அது இன்னும் பெரிய விஷயம். என் அத்தான், அவனுடைய தகப்பன், இறந்து பல காலம். தகப்பன் செய்யவேண்டியதை அபிஷனின் பெரியப்பாவும் பெரியம்மாவும் சோடியாக நின்று செய்வதாக முடிவாகியிருந்தது. அக்கா ஓர் ஓரமாக நிற்பாள். கணவனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு வரக்கூடாது என்று எங்கள் ஆட்கள் யாரும் வாயால் சொல்வதில்லை. முப்பது வருடம் ஜேர்மனியில் வரி கட்டிய, படித்த, நாகரிகமான மனிதர்கள் நாங்கள். ஆனால் அந்த நேரம் வரும்போது எங்கிருந்தோ ஒரு கை வந்து அவளுடைய தோளைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு நகர்த்தும். அந்தக் கை யாருடையது என்று பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எல்லோரும் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னாள்: "எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம் தம்பி. நீ நேரத்துக்கு வந்து அவன்ரை தலையிலை அதை வைச்சுவிடு. நான் பின்னாலை நிண்டு பாக்கிறன்."

"ஒரு மணித்தியாலமும் ரெண்டு நிமிசமும் அக்கா" என்றேன். அதுதான் அவளுக்கு நான் கொடுத்த வாக்கு.

அன்றே செய்தி உல்முக்கும் போய்விட்டது. பெண்ணின் தகப்பன் தொலைபேசி எடுத்து, "நீங்கள் பிளேனிலை வாறியளாம். ரமணனை மெம்மிங்கனுக்கு அனுப்பிவைக்கிறன்" என்றார். ரமணன் பெண்ணின் தம்பி. சம்பந்தி வீட்டார் வாகனம் அனுப்பி வரவேற்கும் அளவுக்கு நான் உயர்ந்துவிட்டேன். அந்தப் பெருமையோடு விமானச்சீட்டு எடுக்க உட்கார்ந்தேன்.

டோர்ட்மண்டிலிருந்து மெம்மிங்கனுக்கு விமானமே இல்லை.

திகதியை மாற்றிப் பார்த்தேன், இல்லை. கிழமையை மாற்றினேன், இல்லை. அந்த இணையத்தளத்துக்குத் திரும்பிப் போனேன். ஒரு மணித்தியாலமும் இரண்டு நிமிடமும் அப்படியே சிரித்துக்கொண்டு இருந்தது. அது பொய் சொல்லவில்லை. பறந்தால் எவ்வளவு நேரம் என்று கேட்டேன், சொன்னது. பறக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. அதே தளத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் நிலாவுக்கும் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

ஜேர்மனியின் சின்ன விமான நிலையங்கள் எங்கள் தமிழ்ச் சங்கங்களைப் போல. ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் இடத்தோடு மட்டும் நல்ல உறவு. அதுதான் மல்லோர்கா. ஜேர்மன்காரர் வெயில் காயவும் குடிக்கவும் போகிற ஸ்பெயின் நாட்டுத் தீவு. டோர்ட்மண்டிலிருந்து மல்லோர்காவுக்கு விமானம் உண்டு. மல்லோர்காவிலிருந்து மெம்மிங்கனுக்கும் உண்டு.

"ரயிலில் போயிருக்கலாமே" என்று நீங்கள் இப்போது கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் மெம்மிங்கன் விமான நிலையத்தின் கதவில் ரமணன் நிற்பான். ரயிலில் வந்தவன் அந்தக் கதவால் எப்படி வெளியே வருவது? வேனிலும் இடமில்லை. என் இருக்கையைப் பயத்தம் பணியாரம் வைத்த அண்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். (அதற்கு இருக்கைப் பட்டியும் கட்டியிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.) உண்மையைச் சொல்லியிருந்தால் குகன் அண்ணை அண்டாவை மடியில் வைத்துக்கொண்டாவது என்னை ஏற்றியிருப்பார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவால் வெளியே வந்தால் போதும், எங்கிருந்து வந்தேன் என்று நெற்றியில் எழுதியா இருக்கும் என்று இரண்டு சீட்டுகளை எடுத்தேன். மல்லோர்காவில் மாறுவதற்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. பார ஊர்திக்காரனுக்கு அது தாராளம்.

வெள்ளிக்கிழமை விடிய மனைவியும் மகளும் வேனுக்குப் புறப்பட்டார்கள். வாசலில் நின்றபடி, நான் கடவுச்சீட்டைச் சட்டைப் பைக்குள் வைப்பதை மனைவி கண்டுவிட்டாள். உல்முக்குப் போகக் கடவுச்சீட்டு எதற்கு? அவளுடைய உதடு அசைந்தது. ஆனால் நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவனிடம் 'எங்கே போகிறாய்' என்று எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். மிஞ்சி மிஞ்சிப் போனால் வேறு விதமாகக் கேட்கலாம். அவளும் அப்படியே கேட்டாள்.

"தூரமோ?"

"கிட்டத்தான்" என்றேன். நானூற்று முப்பத்தாறு கிலோமீட்டர்.

விமான நிலையத்தில் முதல் பிரச்சினை தலைப்பாகைப் பெட்டி. வட்டமான, பெரிய பெட்டி. ஏறும் வாசலில் நின்ற பெண், இது கைப்பொதி அளவைவிடப் பெரியது, கீழே சாமான் அறைக்குப் போகவேண்டும் என்றாள். கீழே போனால் தலைப்பாகை தட்டையாகத்தான் வரும். இது தலையில் வைக்கும் பொருள், மிகவும் முக்கியமானது என்று கெஞ்சினேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், உடம்பில் போட்டிருப்பது பொதிக் கணக்கில் வராது என்றாள். சட்டம் தெரிந்த பெண்.

எனக்குப் பின்னால் ஒரே மாதிரி ரோஸ் நிறச் சட்டை போட்ட பத்துப் பன்னிரண்டு ஜேர்மன் இளைஞர்கள் நின்றார்கள். நடுவில் ஒருவன் தேனீ வேடம் போட்டிருந்தான், முதுகில் செட்டையோடு. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குடிக்கப் போகும் கூட்டம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே நான் பெட்டியைத் திறந்து, பதக்கமும் குஞ்சமும் வைத்த பட்டுத் தலைப்பாகையை எடுத்து என் தலையில் வைத்தேன். வெறும் பெட்டியை அவளிடமே விட்டுவிட்டேன். அந்தக் கூட்டம் எழுப்பிய சத்தத்துக்கு ஓடுபாதையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

அவர்களுக்கு நான் இன்னொரு மாப்பிள்ளை. ஒரே விமானத்தில் இரண்டு மாப்பிள்ளைகள். வெளியே இடி மின்னல் என்று விமானம் கிளம்பாமல் நின்றது, அவர்களுக்கு அதுவும் கொண்டாட்டமாகிவிட்டது. எனக்குப் பக்கத்து இருக்கையில் தேனீ. நான் மாப்பிள்ளை இல்லை, மாமன் என்று ஜேர்மனில் விளங்கப்படுத்தினேன். அவ்வளவுதான். விமானம் முழுக்க "ஒன்கெல்! ஒன்கெல்!" என்று கைதட்டிப் பாடத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் படம் எடுத்தான். ஒருவன் பின்னாலிருந்து என் தலையைத் தடவினான். நான் நிமிர்ந்து, கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். குனிந்தால் பதக்கம் விழுந்துவிடும்.

தேனீ நல்ல பையன். கொஞ்ச நேரம் கழித்து மரியாதையாகக் கேட்டான்: "கல்யாணம் மல்லோர்காவிலா?"

"இல்லை, உல்மில்."

அவன் யோசித்தான். செட்டையை ஒருமுறை சரிசெய்தான். "அப்படியென்றால் நீ எங்கே போகிறாய்?"

டோர்ட்மண்டில் என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரில் ஒருவரும் கேட்காத கேள்வியை, தேனீ வேடம் போட்ட ஒருவன் கையில் பியரோடு கேட்டான். யன்னலால் மேகத்தைப் பார்த்தேன். எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது அந்த நேரம்தான்.

பயந்தது நடந்தது. மல்லோர்காவில் இறங்கி, தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் ஓடியதைப் பார்க்க அந்தத் தீவே திரண்டிருக்கும். வாசல் பூட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெம்மிங்கன் விமானம் நின்றது. கையைக் காட்டினேன். விமானத்துக்குப் பக்கத்தில் நின்ற ஊழியன் பதிலுக்குக் கையைக் காட்டினான், வழியனுப்புகிறேன் என்று நினைத்திருப்பான். அடுத்த விமானம் மறுநாள் காலை.

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்கள் எப்போதோ உல்முக்குப் போய், தேநீரும் குடித்து முடித்திருந்தார்கள்.

"அக்கா, பிளேன் கொஞ்சம் சுணக்கம். காலமை வாறன்."

"ஏன் தம்பி? டோர்ட்மண்டிலை மழையோ?"

"ஓம். இடி மின்னல்." அதுவரை பொய் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் தலைக்கு மேல் ஒலிபெருக்கி ஸ்பானிய மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னது. நான் வாயைக் கையால் மூடினேன். ஒலிபெருக்கியை மூடவேண்டும் என்று மூளை சொல்ல, கை என் வாயை மூடியது. மறுமுனையில் மகளின் குரல் கேட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிய மொழி படிக்கிறாள். நான்தான் சேர்த்துவிட்டேன்.

"அம்மா, அப்பா மல்லோர்காவிலை நிக்கிறார்."

மனைவி தொலைபேசியை வாங்கினாள். "இஞ்சருங்கோ, நீங்கள் என்ன உல்லாசப் பயணமோ போனனீங்கள்? அக்காவின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, பின்னால் குகன் அண்ணை சிரிப்பது கேட்டது. பிறகு யாரோ அவரை அதட்டியதும், சிரிப்பு நின்றதும் கேட்டது. தொலைபேசி அக்காவின் கைக்குத் திரும்பிப் போனது. அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப அபிக்கு ஆர் தலைப்பாகை வைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

"காலமை முதல் பிளேனிலை வந்திடுவன் அக்கா. கட்டாயம்" என்றேன். அவள் ஓம் என்றாள். நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அன்றிரவு விமான நிலைய வாங்கு ஒன்றில் உட்கார்ந்து, தலைப்பாகையோடு நிமிர்ந்தபடி இருந்தேன். கீழே வைக்க இடமில்லை. மடியில் வைத்துத் தூங்கினால் யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் வேறு. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். தலைப்பாகை கட்டிய ஒருவன் தனியாக அழுவதைப் பார்த்து ஒரு ஸ்பானியக் கிழவர், பெண் ஓடிவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மெம்மிங்கனில் அந்தக் கதவால் வெளியே வந்தேன். முன்னாலும் பின்னாலும் ஓலைத் தொப்பி போட்ட, வெயிலில் சிவந்த மனிதர்கள். நடுவில் நான். நெற்றியில் எழுதத் தேவையே இருக்கவில்லை. ரமணன் என்னைப் பார்த்தான், தலையைப் பார்த்தான், ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டான். சம்பந்தி பகுதி அல்லவா, மரியாதை. வழி முழுக்க அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவன் வேறு ஒரு வீதியால் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. மணவறையில் அபிஷன் உட்கார்ந்திருந்தான், தலையில் ஒரு தலைப்பாகையோடு. வாசலில் நான், தலையில் இன்னொன்றோடு. ஐயர் நிமிர்ந்து பார்த்து மந்திரத்தை நிறுத்தினார்.

"இன்னொரு மாப்பிள்ளையும் வாறார் போல கிடக்கு" என்றார்.

மண்டபம் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரருக்கே மூச்சு விட்டுப்போனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் ஓடிவந்து என் தலையில் கை வைத்து எதையோ பிடுங்கிக் காட்டினாள். குஞ்சத்துக்குப் பக்கத்தில், மதுக் கோப்பையில் குத்தி வைக்கும் சின்னக் கடதாசிக் குடை. ரோஸ் நிறம். முதல் நாள் என் தலையைத் தடவியவன் செருகிவிட்டது. அதைச் சூடிக்கொண்டுதான் ஒரு தீவிலும் ஜேர்மனியின் தென்பாதியிலும் நான் உலாவி வந்திருக்கிறேன்.

நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். புறப்படும் நேரம் வந்துவிட்டது, மாமன் இல்லை, தலைப்பாகையும் இல்லை. வேறு ஆம்பிளை யாராவது ஒரு சால்வையைக் கட்டிவிடட்டும் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். அபிஷன் தன் பட்டுச் சால்வையை எடுத்து அக்காவிடம் நீட்டியிருக்கிறான்.

"மாமா இல்லாட்டில் அம்மா கட்டட்டும். ஏலாது எண்டால் நான் வெறுந்தலையோடை போறன்."

அந்தத் தோளைப் பிடிக்கும் கையும் அன்று வரவில்லை. அக்கா அதுவரை யாருக்கும் தலைப்பாகை கட்டியதில்லை, கட்டு ஒரு பக்கம் சரிந்துவிட்டது. கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் அபிஷனின் தலைப்பாகை சரிந்துதான் இருக்கிறது. நான் கொண்டுவந்ததை மாற்றிப் போடச் சொல்லிப் படம் பிடிப்பவர் கேட்டும் அவன் மாட்டேன் என்றுவிட்டான். ஆகவே, மல்லோர்கா வரை போய்வந்த அந்தப் பட்டுத் தலைப்பாகையை அன்று முழுக்க நான்தான் காவித் திரிந்தேன்.

தேனீயின் கூட்டம் எடுத்த படம் எப்படியோ சுற்றி எங்கள் ஆட்களின் தொலைபேசிகளுக்கு வந்து சேர்ந்தது. குகன் அண்ணை அதைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறார், மிளகாய்த்தூளுக்கு மேலே. டோர்ட்மண்டில் இப்போது யாராவது பிந்தி வந்தால், "என்ன, மல்லோர்காவாலையோ வாறியள்?" என்றுதான் கேட்பார்கள். போகிற இடம் ஐந்து நிமிட நடையோ ஐந்நூறு கிலோமீட்டரோ, எவ்வளவு தூரம் என்று கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்: ஒரு மணித்தியாலமும் ரெண்டு நிமிசமும்.

பெரியவர்கள் அக்கா கட்டியதை இன்றைக்கும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. "தாய்மாமன் வந்து சேரேல்லை, வேறை என்ன செய்யிறது" என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதாவது தாய்மாமன் வந்திருந்தால் அவள் பின்னால்தான் நின்றிருப்பாள்.

இந்த வருடம் இளையவன் அகிலனுக்குக் கல்யாணம். மண்டபம் டோர்ட்மண்டிலேயே, என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. போன கிழமை அக்கா பத்திரிகையோடு வந்தாள். தாம்பாளத்தை என் கையில் தந்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று திரும்பினாள்.

"தம்பி, இந்தமுறையும் நீ பிளேனிலை வாவன்" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. அன்றிரவே மல்லோர்காவுக்கு, போக ஒன்று வர ஒன்று என்று, இரண்டு சீட்டு எடுத்துவிட்டேன்.